மோட்டார் சைக்கிள் நெடும்பயணம்: நல்ல வழியைக் கண்டறிவதும் திட்டமிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த பைக்கில் இரண்டு மூன்று நாள் பயணமாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ, கொல்லிமலை, ஜவ்வாதுமலை போன்ற உள்நாட்டு மலைகளுக்கோ புறப்படுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கிலோமீட்டரைவிடப் பகல் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே இவ்விடைகள் பலவற்றுக்கும் அடிப்படை.

ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

தொலைவைக் கேட்பதற்கு முன் சாலையின் தன்மையைக் கேட்க வேண்டும். தேநீர், பெட்ரோல், சாப்பாடு ஆகியவற்றுக்கான நிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு வழிச்சாலையில் மணிக்கு 55 கிலோமீட்டரும், ஊர்களை ஊடுருவிச் செல்லும் இருவழிச் சாலையில் 40 கிலோமீட்டரும், மலைப்பாதையில் 20 முதல் 25 கிலோமீட்டரும் கடக்கலாம் என்று கொள்வது நடைமுறைக்கு ஒத்த கணக்கு. இதன்படி, நான்கு வழிச்சாலையில் 350 கிலோமீட்டர் செல்வதும், சமவெளியில் 120 கிலோமீட்டர் ஓட்டியபின் 70 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுத்துக்கொள்ளும். களைப்பு மட்டும் இரண்டாவதில்தான் அதிகம்.

தங்குமிடத்தை சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடைந்துவிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தைக் குறிப்பதே சரியான முறை. டிசம்பரில் மாலை 6 மணிக்கு முன்பின்னாகச் சூரியன் மறைந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த பாதைகளில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்து, வளைவுகளில் உள்ள ஈரமும் மணலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். எனவே டிசம்பரில் மலைமேல் தங்கப்போகிறவர் பிற்பகல் 2 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிந்திவிட்டால் அடிவார ஊரிலேயே அறை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ஏறுவது நல்லது.

சென்னையிலிருந்து கோவை சுமார் 500 கிலோமீட்டர். பழகியவர்கள் இதை ஒரே நாளில் கடக்கிறார்கள். ஆனால் அன்று இழந்த உடல் தெம்பை மறுநாள் காலை மலைப்பாதை கேட்கும். நீண்ட சமவெளி ஓட்டத்துக்கு அடுத்த நாளில் கடினமான மலை ஏற்றத்தை வைக்காமல், முதல் நாள் சேலத்திலோ ஈரோட்டிலோ தங்கிச் செல்லும்படி பிரித்துக்கொள்ளுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

நல்ல வழி என்று எதைச் சொல்வது?

பைக் ஓட்டுபவருக்கு நல்ல வழி பெரும்பாலும் மிக விரைவான வழியாக இருப்பதில்லை. நான்கு வழிச்சாலையின் நடுத்தடுப்புக்கும் லாரிகளுக்கும் இடையே மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் செல்வது உடலைச் சோர்வடையச் செய்யும். மனத்தில் எதுவும் தங்காது. அதற்கு இணையாகவோ சற்று விலகியோ செல்லும் மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும்தான் பயணத்தைப் பயணமாக்குகின்றன. விரிவாக்கத்தின்போது பெருஞ்சாலைகளின் ஓரப் புளியமரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. இருவழிச் சாலைகள் பலவற்றில் அந்த நிழல் இன்னும் இருக்கிறது, கோடைப் பயணத்தில் அதன் அருமை விளங்கும்.

ஆயினும் நாள் முழுவதும் சிறு சாலையிலேயே செல்ல வேண்டும் என்று பிடிவாதம் கொள்வதும் சரியன்று. நகரத்தை விட்டு வெளியேறும் முதல் பகுதியைப் பெருஞ்சாலையில் விரைவாகக் கடந்து, மிச்சப்பட்ட நேரத்தை நல்ல சாலைக்குக் கொடுப்பதே அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் வழி.

மலைப் பயணத்துக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு: ஒரு பாதையில் ஏறி வேறொரு பாதையில் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறி, பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கலாம். ஏற்காட்டுக்குச் சேலம் பக்கமிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, குப்பனூர் பாதையில் இறங்கலாம். கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்கள், முள்ளுக்குறிச்சிப் பக்கமாக இறங்கினால் முற்றிலும் வேறொரு மலையைப் பார்த்த உணர்வைப் பெறுவார்கள். நீலகிரிக்குக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என மூன்று முகப்புகள் உள்ளன. வந்த வழியே திரும்ப நேர்ந்தால் இரண்டாம் நாளில் கவனம் தளர்வது இயல்பு. வேறு வழி கண்ணையும் கையையும் விழிப்பாக வைத்திருக்கும்.

கைப்பேசி வரைபடம் காட்டும் வழியை அப்படியே பின்பற்றினால் போதாதா?

போதாது. கூகுள் மேப்ஸில் இருசக்கர வாகனத்துக்கான தனி முறை 2017 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமானது. நகருக்குள் அது மிகவும் பயனுள்ளது. ஆனால் நெடும்பயணத்தில் அது குறைந்த நேரத்தையே தேடுகிறது. ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தோட்டங்களுக்கு ஊடான தனியார் பாதையையோ, வனத்துறை பூட்டிவைத்திருக்கும் பழைய பாதையையோ, மண் கரையையோ காட்டிவிடக்கூடும். தேயிலைத் தோட்ட எல்லையில் பூட்டிய வாயிற்கதவின் முன் நின்று திரும்பி வருவதற்கு மலையில் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

ஆகவே வழியை நீங்கள் தீர்மானித்து, அதைப் பின்பற்றுமாறு வரைபடத்துக்குச் சொல்ல வேண்டும். முதலில் பெரிய திரையில் பாதையைப் பாருங்கள்; இடையே கடக்க விரும்பும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வரைபடம் தன் விருப்பத்துக்கு விலகாதபடி கட்டுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஐயமுள்ள பகுதிகளில் சாலையின் நிறத்தைக் கவனியுங்கள்: தார்ச்சாலை சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக ஓடும், மண் பாதை வெளிறிய பழுப்பாகவும் அகலம் மாறியும் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஆஸ்மண்ட் போன்ற செயலிகளில் மாவட்ட வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டுப் பகுதியிலும் வழி தெரியும். வளைவுகள் நிறைந்த பாதையைத் தேடித் தருவதற்கென்றே கர்விகர் போன்ற திட்டமிடும் கருவிகளும் உள்ளன. அவை தரும் வழியை, வழித்தடத்தைப் பதிந்துவைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்து நண்பர்களுக்கும் அனுப்பலாம். இக்கருவிகளுக்கு வளைவு தெரியுமே தவிர வனச் சட்டமும் யானையும் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

வழியைத் தாளில் ஒரு பக்கத்துக்குள் எழுதி டேங்க் பையில் வைத்துக்கொள்வதும் நல்ல வழக்கம். ஊர்ப் பெயர், இடைத்தொலைவு, பெட்ரோல் போட வேண்டிய இடம், மூடும் நேரம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

கேள்விப்படாத ஒரு சிறு சாலை நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

அந்தச் சாலையில் அரசுப் பேருந்து ஓடுகிறதா என்று விசாரியுங்கள். இது எளிய சோதனை. ஆனால் ஏமாற்றாத சோதனை. நாளுக்கு இரண்டு முறை பேருந்து ஏறி இறங்கும் பாதையில், குழிகள் இருந்தாலும், தொடர்ச்சியான தார்த்தளமும் பாலமும் இருக்கும். வழி அடைபட்டால் செய்தி உடனே அடிவாரத்துக்கு வந்துவிடும். பேருந்து நிறுத்தப்பட்டிருந்தால் காரணத்தைக் கேட்டறியுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதும் ஒரு தகவல்தான். அந்தப் பாதையில் இரவு எப்போது தொடங்குகிறது என்று ஊரார் கருதுகிறார்கள் என்பதை அது காட்டும்.

இரண்டாவதாக, அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பால் வண்டி, காய்கறி வண்டி ஓட்டுநர்களைக் கேளுங்கள். “ரோடு நல்லா இருக்குமா அண்ணே?” என்று பொதுவாகக் கேட்டால் “போகலாம் தம்பி” என்ற விடைதான் கிடைக்கும். “நேற்று மழை பெய்ததா? எந்த வளைவுக்குப் பக்கத்தில் வேலை நடக்கிறது? மறுபக்கம் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்று குறிப்பாகக் கேட்டால் பயனுள்ள விடை வரும். இணையத்தில் காணும் காணொளிகளைப் பொறுத்தவரை, எடுக்கப்பட்ட மாதத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் எடுத்த படம் நவம்பர்ச் சாலையைப் பற்றி எதையும் சொல்லாது.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம் செல்வது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டையும் மேற்குச் சரிவையும் நனைக்கிறது. தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்கு அருகில்தான் இருக்கிறது; ஜூலையில் அங்கே செல்பவர் மழைக்கோட்டை நாள் முழுவதும் கழற்ற முடியாது. அதே மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகியவற்றின் வழியே பலத்த காற்று வீசும். காற்றாலைகள் அங்கே நிறுவப்பட்டதற்கு அதுவே காரணம். உடுமலை, பல்லடம் பக்கமும், முப்பந்தல் பக்கமும் பக்கவாட்டுக் காற்று பைக்கை ஓரத்துக்குத் தள்ளும். லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளிப்படும் நொடியில் காற்று திடீரென்று அறையும். அங்கே வேகத்தைக் குறைத்து, தொடைகளால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்வாக வைத்து ஓட்ட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கடற்கரைச் சாலைகளும் கிழக்குச் சரிவுகளும் பாதிக்கப்படும். நீலகிரி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்படுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்த நாளில் மலையேறும் திட்டத்தைத் தள்ளிவைப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். பல மாதம் காய்ந்திருந்த சாலையில் விழும் முதல் மழையும் ஆபத்தானது. படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கலந்து தார்த்தளம் வழுக்கும். அரை மணி நேரம் ஒதுங்கி நின்று சாலை கழுவப்பட்டபின் புறப்படலாம்.

ஜனவரியும் பிப்ரவரியும் எல்லாத் திசைக்கும் ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியைக் காலை 11 மணிக்குள் கடந்துவிடுமாறு அதிகாலையில் புறப்பட வேண்டும்.

திருவிழாக் காலத்தையும் பாருங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகியவற்றை ஒட்டிப் பழனியை நோக்கிய சாலைகளில் பாதயாத்திரை பக்தர்கள் இரவும் பகலும் நடந்து செல்வார்கள். அந்த நாட்களில் இருட்டில் அவ்வழி செல்வதை அறவே தவிர்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தேனி, கம்பம், குமுளி சாலையில் சபரிமலை வாகனங்கள் நிறைந்திருக்கும். கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடும் ஒருவழி ஏற்பாடும் செய்யப்படும். ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடைபெறும். அப்போது 70 வளைவுகளையும் அமைதியாக ஓட்ட இயலாது.

எந்தச் சாலைகள் இரவில் மூடப்படுகின்றன? அனுமதி எங்கெல்லாம் தேவை?

திட்டத்தைப் பெரும்பாலும் குலைப்பது இந்த விவரத்தை விட்டுவிடுவதுதான். பந்திப்பூர் வழியாக குண்டல்பேட்டையிலிருந்து கூடலூருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் உள்ளது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை நடைமுறையில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை 36 வளைவுகளைக் கொண்ட மிகச் செங்குத்தான இறக்கம். விபத்துகள் காரணமாக வெளியூர் வாகனங்கள் அதில் இறங்க அனுமதிக்கப்படுவதில்லை. வெளியூர்க்காரர்கள் தலைக்குந்தாவிலிருந்து பைக்காரா, கூடலூர் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலையும் மாலையில் மூடப்பட்டுவிடும். பிற்பகலிலேயே சென்று திரும்பிவிட வேண்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை உள்ளது. 2025 நவம்பரில் வால்பாறைக்கும் அது விரிவாக்கப்பட்டது. அரசின் இணையதளத்தில் வாகன எண், தேதி, தங்குமிடம் ஆகியவற்றைக் கொடுத்துப் பெறலாம். கோடை சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்படுவதால், விடுமுறை நாளுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். அதே சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற ஒருவழி மாற்றமும் நடைமுறைக்கு வரும். இவ்விதிகள் அவ்வப்போது மாறுபவை. புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துச் செல்ல வேண்டும்.

முதல் நெடும்பயணத்துக்கு ஏற்ற வழி ஒன்றை, திட்டத்தோடு சொல்ல முடியுமா?

கோவையில் தொடங்கிக் கோவையிலேயே முடியும் இரண்டு நாள் சுற்று ஒன்றைச் சொல்கிறேன்: பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு. மொத்தம் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். எண்ணைப் பார்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்தால் இந்த வழியின் சிறந்த பகுதியை அவசரத்திலேயே கடந்துவிடுவீர்கள்.

முதல் நாள் காலை 7 மணிக்குக் கோவையிலிருந்து புறப்பட்டால், பொள்ளாச்சிக்கு 40 கிலோமீட்டர். அங்கே காலை உணவு. ஆழியாறு அணையைக் கடந்ததும் சோதனைச்சாவடி. அதன்பின் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனையில் நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரிந்து கிடப்பதைக் காணலாம். அதை ஒட்டிய பாறைச் சரிவுகளில் வரையாடுகள் சாலைக்கு மிக அருகிலேயே மேயும். வண்டியை வளைவில் நிறுத்தாமல், அகலமான ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள்; அவற்றுக்கு எதுவும் தின்னக் கொடுக்கக் கூடாது. அட்டகட்டியைத் தாண்டினால் காடு, பிறகு தேயிலை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்; நின்று நின்று சென்றாலும் பிற்பகலுக்குள் அறையை அடைந்துவிடலாம். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்; அங்கே மிக மெதுவாகச் செல்லுங்கள்.

இரண்டாம் நாள் வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு காலையில் மளுக்கப்பாறைக்குப் புறப்பட வேண்டும். அங்கிருந்து வாழச்சால் வரை அடர்ந்த காடு. சாலை குறுகலானது, சில இடங்களில் பழுதுபட்டது. கேரள வனத்துறையின் சாவடியில் நுழையும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். வழியில் நின்று பொழுதைப் போக்க அனுமதி இல்லை. இருசக்கர வாகனங்களை யானை நடமாட்டத்தைப் பொறுத்து நிறுத்திவைப்பதும் உண்டு. அப்படி நிறுத்தினால் வாதாடாமல் காத்திருங்கள். காட்டைக் கடந்தபின் அதிரப்பள்ளி அருவியில் நேரம் செலவிட்டு, சாலக்குடிக்கு இறங்கி, மதிய உணவுக்குப் பின் பெருஞ்சாலையில் திருச்சூர், பாலக்காடு வழியாக இருட்டுவதற்குள் கோவையை அடையலாம்.

சென்னைக்காரர்களுக்கு இவ்வளவு பொருத்தமான சுற்று அருகில் இல்லை என்பது உண்மை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை சென்று திரும்புவது நல்ல பயிற்சி. ஆனால் வார இறுதியில் நெரிசல் மிகுதி. அதைவிட, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறி, வைணு பாப்பு வானாய்வகம் உள்ள காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கும் ஜவ்வாதுமலை வழியை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். தொலைவும் அளவானது, கூட்டமும் குறைவு. மதுரையைச் சேர்ந்தவர்களுக்குச் சிறுமலையின் 18 வளைவுகள் அரைநாள் பயிற்சிக்கும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் பாதை இரண்டு நாளுக்கும் ஏற்றவை.

சமவெளிச் சாலையில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. அறுவடைக் காலத்தில் கேழ்வரகு, சோளம், கொள்ளு, உளுந்து ஆகியவற்றின் தாளை வண்டிச் சக்கரம் ஏறிக் கதிர் உதிர்வதற்காகச் சாலையில் பரப்பியிருப்பார்கள். தாளின்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கொள்ளு, கேழ்வரகு மணிகள் டயருக்கு அடியில் உருளும். தூரத்தில் கண்டவுடன் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஆட்டு மந்தைகள் சாலையில் வரும். கரும்பு வெட்டும் மாதங்களில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் இருட்டில் தெரியவே தெரியாது. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள் ஊர் எல்லைகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் இருக்கும் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். நான்கு வழிச்சாலையில் எதிர்த்திசையில் வரும் உள்ளூர் வண்டிகளே பெரிய ஆபத்து. இடது ஓரத்தை ஒட்டாமல் சற்று உள்ளே ஓட்டுவது அதற்காகத்தான். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் பல விபத்துகள் நடந்துள்ளன. அங்கே லாரிக்கு முன்னால் செல்வதையும் இரண்டு லாரிகளுக்கு இடையில் சிக்குவதையும் தவிர்க்கவும்.

மலைப்பாதையில் எப்படி ஓட்டுவது? விலங்குகள் எதிர்ப்பட்டால்?

ஏறும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ ஏறத்தாழ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. நியூட்ரலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் பேருந்து இறங்கிவரும்போது அதற்கு முழு அகலமும் தேவைப்படும். ஆகவே வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, பேருந்து கடந்தபின் ஏறவும். வளைவுக்கு முன் ஒருமுறை ஹாரன் அடிக்கலாம். காட்டுக்குள் தேவையின்றி ஒலி எழுப்பக் கூடாது.

யானையைக் கண்டால் நூறு மீட்டருக்கு இப்பாலேயே நின்றுவிடுங்கள். முன்னால் காரோ பேருந்தோ இருந்தால் அதன் பின்னால் நில்லுங்கள். வண்டியைத் திரும்பும் நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹாரன், விளக்கு சிமிட்டல், புகைப்படம் மூன்றும் கூடாது. குட்டியுடன் இருக்கும் கூட்டத்தைக் கடந்து செல்ல முயலவே வேண்டாம். கோத்தகிரி, வால்பாறைப் பக்கங்களில் காட்டுமாடுகள் சாலையோரத்தில் அமைதியாக நிற்கும். அந்த அமைதியை நம்பி அருகில் செல்லக் கூடாது.

சிறிய பைக் போதுமா? பெட்ரோல் கணக்கை எப்படிப் போடுவது?

நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டியில் கொல்லிமலை ஏறுபவர்கள் ஏராளம். அந்த மலையில் வாழ்பவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் அத்தகைய வண்டிகளைத்தான். பெரிய இன்ஜினைவிட நல்ல டயர், நல்ல பிரேக், பிசிறில்லாத கிளட்ச் கேபிள் ஆகியவையே முதன்மையானவை. இருவரும் சுமையும் சேர்ந்தால் மட்டும் 150 சிசிக்கு மேல் இருப்பது ஏற்றத்தில் உதவும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸ் செய்து, அதன்பின் ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புதிதாகத் தோன்றும் குறை ஊரிலேயே தெரிந்துவிடும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் இட வேண்டும். டியூப் உள்ள டயராயின் மாற்று டியூப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பஞ்சர் கடைக்காரரிடம் உங்கள் அளவு இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

டேங்கின் கொள்ளளவை மைலேஜால் பெருக்கி, வரும் தொலைவில் மூன்றில் இரண்டு பங்கையே நம்புங்கள். 13 லிட்டர் டேங்கும் லிட்டருக்கு 35 கிலோமீட்டரும் என்றால் 455 வரும். 300 கிலோமீட்டருக்குள் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். மலையேறும் முன் அடிவார ஊரில் டேங்க் எந்த அளவில் இருந்தாலும் நிரப்பிக்கொள்வது மேலும் நல்லது.

ஆவணங்களும் சுங்கக் கட்டணமும்?

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினால் ஏற்கப்படும். சிக்னல் இல்லாத சாவடிகளுக்காக நகலும் வைத்திருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்கு அனுமதி இல்லாததால் அணுகு சாலையில் செல்ல வேண்டும். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் அணிவது கட்டாயம்.

குழுவாகச் செல்வது நல்லதா, தனியாகவா?

முதல் பயணத்துக்கு மூன்று, நான்கு பேர் கொண்ட குழு ஏற்றது. எண்ணிக்கை ஆறைத் தாண்டினால் ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணி நேரமாக நீளும். அப்போது இரண்டு குழுவாகப் பிரிந்து சாப்பாட்டு இடத்தில் சந்திப்பதே வசதி. வழி தெரிந்தவர் முன்னும், அனுபவம் மிகுந்தவர் கடைசியிலும், புதியவர் இரண்டாவதாகவும் செல்லட்டும். எந்தச் சந்திப்பில் திரும்பினாலும், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னால் செல்பவர் அங்கேயே நிற்க வேண்டும் என்ற ஒரே விதியைக் குழுவினர் அனைவரும் கடைப்பிடித்தால் யாரும் வழிதவற மாட்டார்கள். தனியாகச் செல்பவர், அன்றைய வழியையும் சேர வேண்டிய நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டுப் புறப்பட வேண்டும்.

வழியில் விபத்தோ பழுதோ ஏற்பட்டால்?

ஆம்புலன்சுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033. தமிழகத்தில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது; பிற மாநிலத்தவருக்கும் இது பொருந்தும். எனவே பணத்தைத் திரட்டுவதற்காக நேரத்தை வீணாக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுத்துக் கழற்றக் கூடாது. மூச்சு விடுவதில் தடை இருந்தால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க மற்றவர் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

பழுது மலைப்பாதையில் நேர்ந்தால் வண்டியை வளைவிலிருந்து நகர்த்தி, இருபுறமும் சற்றுத் தள்ளி மரக்கிளையையோ கல்லையோ அடையாளமாக வைத்து, மேலே ஏறும் காலி மினி லாரியை எதிர்பாருங்கள். காய்கறி இறக்கிவிட்டு ஊர் திரும்பும் அத்தகைய வண்டிகள் பைக்கை ஏற்றிச் செல்லும். கூலியை ஏற்றுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டியை ஏற்றி முடித்தபின், அடையாளமாக வைத்த கற்களைச் சாலையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுச் செல்ல வேண்டும். இருட்டியபின் அவ்வழி வரும் அடுத்த பைக்குக்கு அவையே ஆபத்தாகிவிடும்.